கணக்குத் தெரியும், வாசிக்கத் தெரியாது

கேள்வி: எட்டு வயது மகன், அப்பா சொல்லும் செம்பனைக் குலைகளின் எண்ணிக்கையை மனத்துக்குள்ளேயே கூட்டிவிடுகிறான். ஒரு வரி வாசிக்க வராது. மூளை வளர்ச்சி குறைவா, மேதையா?
- ஒரு தாய், பகாவ் தோட்டம்

பதில்: இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா, அம்மா? வாசிப்பு மட்டும் வராவிட்டால் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். மீத்திறன் உள்ள பிள்ளைக்கும் அது வரும். அறிவுசார் குறைபாடு வேறு. ஐக்யூ சுமார் 70க்குக் கீழே இருந்தால் மட்டும் போதாது. உடுத்துவது, கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கி வருவது போன்ற அன்றாடக் காரியங்களிலும் வயதுக்குரிய திறன் குறைந்திருக்க வேண்டும். உங்கள் மகன் கடைக்குத் தனியாகப் போய் வருகிறானா? அதைக் கவனியுங்கள். ஒன்றில் வல்லவர் இன்னொன்றில் தடுமாறுவது புதிதல்ல: கணித மேதை ராமானுஜனே ஆங்கிலத்தில் தோற்று, கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர்.

முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். பிறகு அரசாங்க கிளினிக்கில், குழந்தை நல நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சோதனை தமிழில் நடக்கட்டும் என்று விடாமல் கேளுங்கள், இது மிக முக்கியம். வீட்டில் தமிழ் மட்டும் பேசும் பிள்ளையை மலாயில் சோதித்தால், அளக்கப்படுவது அவனுடைய மலாய், அறிவு அல்ல. சமூகநலத்துறையின் ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டைக்கு விண்ணப்பிக்கவும் கூச்சப்படாதீர்கள். அதன் கற்றல் பிரச்சினைப் பிரிவில் டிஸ்லெக்சியாவும் அடங்கும். இதற்கிடையே, தினமும் அந்தக் குலைக் கணக்கை அவனே சொல்லட்டும்.