கல்யாணப் பெண்ணின் முகம்

மூணாறுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே ஒரு லயத்தில் கல்யாண வேலை நடக்கிறது. பெண்ணுக்கு வயது 22. அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போகிறவள். மாப்பிள்ளை பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்காரர். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

பெண்ணுக்கு ஒரு கவலை. வெயிலில் நின்று முகம் கறுத்துவிட்டது. போட்டோவில் எப்படித் தெரியுமோ?

சித்தி ஒரு கிரீம் டப்பா வாங்கி வந்தார். "பத்தே நாளில் வெள்ளையாகிவிடலாமாம். கடைக்காரர் சொன்னார்" என்றார்.

அம்மா டப்பாவை வாங்கிப் பார்த்தார். அவர் எழுத்தறிவு வகுப்பில் படித்தவர். எண்களை நன்றாகப் படிப்பார். டப்பாவில் தேதி இல்லை. லைசென்ஸ் எண் இல்லை. எந்த ஊரில் செய்தது என்றும் இல்லை.

"இதில் ஒன்றுமே எழுதவில்லையே! ஆஷா ஊழியரிடம் கேட்போம்" என்றார் அம்மா.

ஆஷா ஊழியர் பார்த்தார். "அக்கா, இதைப் பூச வேண்டாம். இந்த மாதிரி கிரீம்களில் பாதரசம் இருக்கலாம்" என்றார்.

பாதரசம் என்ன செய்யும்?

நம் தோலுக்கு நிறம் தருவது ஒரு நிறப்பொருள். வெயில் பட்டால் அது அதிகமாகும். தோலைக் காக்கும். பாதரசம் அந்த நிறப்பொருள் உண்டாவதைத் தடுக்கிறது. அதனால் முகம் வெளுத்துத் தெரிகிறது. ஆனால் பாதரசம் தோல் வழியாக உடம்புக்குள் போகிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. சிறுநீரில் நுரை வரும். முகமும் காலும் வீங்கும். கர்ப்பிணி பூசினால் வயிற்றில் உள்ள குழந்தைக்கும் கேடு வரும்.

மலப்புறம் மாவட்டம் கோட்டக்கலில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, ஒரு வகைச் சிறுநீரக நோயோடு அங்கே 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு நோயின் அடையாளம் ஒரே மாதிரி இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் கிரீம் பூசியவர்கள்.

கேரள அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் கடைகளைச் சோதிக்கத் தொடங்கியது. இதற்கு 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயர். முகக் கிரீமில் தற்செயலாகக் கலந்திருந்தாலும், 1 கிலோவில் 1 மில்லிகிராம் பாதரசத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இது சட்டம். சோதித்த சில பொருள்களில் அந்த அளவைப் போல 12,000 மடங்கு பாதரசம் இருந்தது. இதை அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது.

டப்பாவில் எதைப் பார்க்க வேண்டும்?

செய்தவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். லைசென்ஸ் எண், பேட்ச் எண், எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம் என்பதும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தால் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லலாம். 'மெர்க்குரி', 'கேலோமெல்' என்று இருந்தால் வாங்கக் கூடாது. 'தங்கத்தில், வெள்ளியில் படக் கூடாது' என்று இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். பாதரசம் தங்கத்தோடு ஒட்டும். தாலிக்கு ஆகாதது தோலுக்கு ஆகுமா?

போட்டோவுக்கு என்ன செய்யலாம்?

அம்மாவும் பெண்ணும் ஆஷா ஊழியரிடம் யோசனை கேட்டார்கள். அதன்படி நடந்தார்கள்.

புதிதாக வாங்கிய பொருளை முதலில் முழங்கையின் உள்பக்கம் சிறிது பூசினார்கள். இரண்டு நாள் பார்த்தார்கள். அரிப்போ தடிப்போ வரவில்லை. பிறகுதான் முகத்தில் பூசினார்கள்.

பவுடரின் நிறத்தைக் கழுத்தின் நிறத்தோடு, பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு வாங்கினார்கள். முகத்துக்கு மட்டும் வெள்ளைப் பவுடர் போட்டால், பிளாஷ் வெளிச்சத்தில் முகம் சுண்ணாம்பு பூசியது போலத் தெரியும். கழுத்து தனியாகத் தெரியும்.

மலைக்குளிரில் உதடு வெடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவினாள். நன்றாகத் தண்ணீர் குடித்தாள். கல்யாணத்துக்கு முந்தைய இரவு நேரத்தோடு தூங்கினாள்.

கல்யாணம் கொழிஞ்சாம்பாறையில் நடந்தது. அங்கே வெயில் அதிகம். வியர்வையைத் துடைக்கக் கூடாது, மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும் என்று சித்தி சொல்லிக்கொடுத்தார்.

போட்டோ வந்தது. அம்மா பார்த்தார். மாநிறமும் மல்லிகைப் பூவும் சிரிப்புமாக, அது அவர் மகளின் முகமாகவே இருந்தது.

பதில் சொல்லுங்கள்

1. அம்மா டப்பாவில் எதையெல்லாம் தேடினார்?
2. பாதரசம் உடம்பின் எந்த உறுப்பைக் கெடுக்கிறது?
3. உங்கள் வீட்டில் உள்ள ஒரு கிரீம் டப்பாவை எடுங்கள். அதில் உள்ள தேதியையும் லைசென்ஸ் எண்ணையும் நோட்டில் எழுதுங்கள்.
4. கறுத்த முகம் போட்டோவுக்கு ஆகாது என்று ஏன் நினைக்கிறோம்? வகுப்பில் பேசுங்கள்.