ஃப்ரீசர் கிருமிநாசினி அல்ல

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழ விலை சரியும்போதெல்லாம் ஒரு யோசனை முளைக்கும்: விலைபோகாத பழத்தைக் கூழாக்கிக் குச்சி ஐஸ் போட்டு விற்கலாமே. அருமையான யோசனைதான். ஆனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு புரளியும் வந்து சேர்கிறது. "லேசா அழுகியிருந்தா என்ன, ஃப்ரீசர்ல வெச்சா கிருமியெல்லாம் செத்துரும்!" வாட்ஸ்அப்பில் இது சுற்றாத நாளில்லை.

சாகாது.

ஆய்வகங்களில் பாக்டீரியாவை ஆண்டுக்கணக்கில் உயிரோடு காப்பாற்றச் செய்வது என்ன தெரியுமா? கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் உறையவைப்பதுதான்! வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 அவற்றை என்ன செய்துவிடும்? சில மடியும், மிச்சம் பெருகாமல் கிடக்கும், அவ்வளவே. பழக்கூழின் சர்க்கரையோ அவற்றுக்குக் கவசம். 2015-இல் அமெரிக்காவில் ப்ளூ பெல் ஐஸ்கிரீமில் லிஸ்டீரியா பாக்டீரியா இருந்தது தெரியவந்தபோது, நோயுற்றிருந்தவர்கள் 10 பேர். இறந்தவர்கள் 3 பேர். 2013-இல் அதே நாட்டில் உறைந்த மாதுளை முத்துகள் வழியாக 150 பேருக்கு மேல் மஞ்சள் காமாலை பரவியது. இரண்டுமே ஃப்ரீசரில் இருந்த பண்டங்கள்தாம்.

பூஞ்சை இன்னும் மோசம். அழுகிய ஆப்பிளில் உருவாகும் பாட்டுலின் என்ற நஞ்சு உயிரே இல்லாத வேதிப்பொருள். அதைக் குளிர் எப்படிக் கொல்லும்? கெட்ட இடத்தை மட்டும் வெட்டி எறிந்தாலும் போதாது. மென்மையான பழத்தில் பூஞ்சை இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும்.

இந்தக் குழப்பத்தின் வேர், வடுப்பட்ட பழத்தையும் அழுகிய பழத்தையும் ஒன்றாக நினைப்பது. காம்புப் பால் வழிந்த கறை, கிளை உரசிய தழும்பு, கோணல், சிறுத்த அளவு இவையெல்லாம் தோற்றத்தோடு முடிகிற விஷயம். அந்தப் பழங்களைத் தாராளமாக ஐஸாக்கலாம். பழ ஈ குத்தியது, பூசணம் பூத்தது, புளித்த வாடை அடிப்பது எருக்குழிக்கு. (கொட்டை வண்டு புகுந்த மாம்பழம் வெளியே பளபளவென்றே இருக்கும் என்பதையும் அழகுப் பழத்துக்கு அலைபவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.)

மற்றப் புரளிகளுக்கு இவ்வளவு மூச்சு வேண்டாம். உறையவைத்தால் சத்து போய்விடுமா? 2015-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் எட்டுக் காய்கனிகளைச் சோதித்தார்கள். உறைந்தவற்றில் வைட்டமின் சி எதிலும் குறைவாக இல்லை. ஐஸ் தின்றால் சளி பிடிக்குமா? சளியைத் தருவது வைரஸ். கனிந்து குழைந்த பழம் ஆகாதா? ஐஸுக்கு அதுதான் வேண்டும். குளிரில் நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும் என்பதால் காய்ப்பதப் பழம் சப்பென்றிருக்கும்.

கிருமியைக் கொல்வது சூடு. வெட்டுமுன் பழத்தைக் கழுவி, கூழை 85 டிகிரிக்குச் சூடாக்கிச் சில நிமிடம் வைத்து, சட்டென ஆறவைத்து, பிறகு உறையவைக்க வேண்டும். தொழில் தொடங்குபவர்களோ முதலில் வாங்குவது டீப் ஃப்ரீசர். குறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், மானியம் கிடைக்கிறது. மாந்தோப்பு வட்டாரங்களில் அந்தப் பணத்தில் முதலில் வர வேண்டியவை கூழ் எடுக்கும் எந்திரமும் நீராவிக் கொப்பரையும். இருநூறு ரூபாய் வெப்பமானிகூட இல்லாத கூடத்துக்கு எதற்கு ஆளுயர ஃப்ரீசர்?