தவ்பாவும் வைத்தியமும்

மது ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. அதில் விழுந்துவிட்ட ஆண்மகனை மீட்கும் வழியைத்தான் பலர் அறியவில்லை. 2019-ல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பின்படி நம் நாட்டு ஆண்களில் நூற்றுக்கு 27 பேர் மது அருந்துகிறார்கள்; பெண்களில் இரண்டு பேர்கூட இல்லை. நம் மஹல்லாவில் அப்படி ஒருவரும் இல்லை என்று யாரும் சத்தியம் செய்துவிட முடியாது.

குடும்பத்தலைவன், 'என்னால் விட முடியவில்லை' என்று வாய்திறந்து சொல்ல வெட்கப்படுகிறான். ஜமாஅத்தில் தெரிந்தால் மகளுக்கு மாப்பிள்ளை அமையாதே என்று வீட்டாரும் மூடி மறைக்கிறார்கள். பிறகு ரமளான் பிறை கண்டதும் ஒரேயடியாக நிறுத்துகிறான். நிய்யத் நல்லதுதான். ஆனால் பல்லாண்டு தினமும் மிகுதியாகக் குடித்த உடல் அதைத் தாங்காது. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், உறக்கம் போகும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும். பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாது. உடனே ஜின் பிடித்துவிட்டது என்று தாயத்துக்கு ஓடுகிறோம்! ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் ஓதலாமே. சிகிச்சையின்றி விட்டால் இந்நிலையில் உயிரே போவதுண்டு.

டாக்டர்கள் முதல் சில நாட்கள் நரம்பை அமர்த்தும் மருந்தும் தயமின் என்னும் வைட்டமினும் கொடுப்பார்கள். இது தொடக்கமே. பின்னர் வாரக்கணக்கில் மனத்துக்கான சிகிச்சை நடக்கும். ஆண்கள் மட்டும் கூடியிருக்கும் இடத்தில், தன்னைப் போன்ற ஒருவன் மனம் திறந்து பேசக் கேட்டால் இவனுக்கும் நா எழும். சென்னையில் டி.டி.ரங்கநாதன் நினைவு மருத்துவமனை, பெங்களூரில் நிம்ஹான்ஸ் ஆகியவற்றில் இதற்கான சிகிச்சை உண்டு. 14446 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணிலும் விசாரிக்கலாம்.

கணவனுக்குத் தெரியாமல் தேநீரில் பொடி கலக்கும் சகோதரிகளுக்கு ஓர் எச்சரிக்கை. டைசல்பிரம் என்ற மருந்து உடலில் இருக்கையில் ஒருவன் குடித்தால் இரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கு ஆபத்து வரலாம். அது அவன் அறிந்து, டாக்டர் பார்வையில் சாப்பிட வேண்டிய மருந்து.

குடித்தவன் தொழுகை நாற்பது நாள் ஏற்கப்படாது என்ற ஹதீஸைக் கேட்டுத் தொழுகையையே விட்டவர்களும் உண்டு. நன்மை கிட்டாது என்பதே அதன் பொருள்; கடமை நீங்கவில்லை என உலமாக்கள் விளக்கியுள்ளனர். தவ்பா செய்தால் அல்லாஹ் ஏற்கிறான் என்பதும் அதே ஹதீஸில் உண்டு. குடித்ததற்காகப் பலமுறை தண்டனை பெற்ற அப்துல்லாஹ் என்ற ஸஹாபியை ஒருவர் சபித்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் ரஸூலையும் நேசிப்பவர் என்றார்கள். புகாரியில் வரும் செய்தி இது. பள்ளிவாசல் படியில் இத்தகையவனைக் கண்டால் முகம் திருப்பும் நிர்வாகிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிகிச்சை நாட்களில் நோன்பு நோற்க வேண்டாமென டாக்டர் சொன்னால், அல்பகரா 184-ஆம் ஆயத்து நோயாளிக்குத் தரும் சலுகை இவனுக்கும் உண்டு. விட்ட நோன்புகளை எண்ணி வைத்து, குணமானபின் களா செய்துகொள்ளலாம்.