சாவித்திரியின் கதையும் மதுவின் பிடியும்

கோயில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்த நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பெரியவர்களுக்கு நடிகை சாவித்திரியை நாம் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1961-இல் வெளிவந்த ‘பாசமலர்’ படத்தில் தங்கை ராதாவாக அவர் கலங்கியபோது பார்த்தவர் கண்களும் கலங்கின. அத்தகைய கலைஞர் பிற்காலத்தில் மதுவுக்கு ஆட்பட்டார். ஏறத்தாழ 19 மாதங்கள் நினைவற்றுக் கிடந்து, 1981 டிசம்பர் 26-ஆம் நாள் மறைந்தார்.

அவருடைய வாழ்க்கையைக் கூறும் ‘நடிகையர் திலகம்’ 2018-இல் வெளியாயிற்று. நாக் அஸ்வின் இயக்கிய இப்படத்தில் சாவித்திரியாக நடித்த கீர்த்தி சுரேஷ் இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றார். இப்படம் மதுப்பழக்கத்தை எவ்வாறு சித்திரிக்கிறது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதல் கிண்ணம் அன்புக்குரியவர் கையால் வருவதாகப் படம் காட்டுகிறது. பின்னர்க் கணவர் ஜெமினி கணேசனோடு பிணக்கு. தாமே தயாரித்து இயக்கிய ‘பிராப்தம்’ படத்தால் 1971-இல் பொருள் இழப்பு. துயரம் பெருகப் பெருகக் கிண்ணமும் நிறைகிறது. தந்தையே மதுவைப் பழக்கினார் என்னும் பொருள்படக் காட்டியதை ஜெமினியின் மகள்களுள் ஒருவர் வெளிப்படையாகவே மறுத்தார். வீட்டுக்குள் நடந்ததை நாம் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆயினும், ஒரு பழக்கத்திற்கு ஒருவரையே காரணமாக்குவது கதைக்கு எளிது. நோய்க்கு அது பொருந்தாது என்பதே நம் கருத்து.

இப்படம் உள்ளத்தின் கதையை விரித்துரைக்கும் அளவுக்கு உடலின் கதையை உரைக்கவில்லை. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரின் மூளையும் நரம்புகளும் மதுவுக்கேற்ப மாறிவிடுகின்றன. தொடக்கத்தில் துயரை மறக்கக் குடித்தவர், பிறகு கைந்நடுக்கத்தை நிறுத்துவதற்காகவே குடிக்கிறார். விடியற்காலையில் பெரட்டுக்கு நிற்கும்போது கை நடுங்குகிறது. பால்மரம் சீவும் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தைக் காயப்படுத்துகிறது. அந்த நடுக்கத்தை நம்மில் பலர் சோம்பல் என்றே எண்ணியிருக்கிறோம்.

மதுத் தீமையைத் தோட்ட மக்கள் அறியாதவர்களல்லர். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. கடையை மூடலாம், பழகிவிட்ட உடலை எவ்வாறு மீட்பது?

‘நாளை முதல் தொடமாட்டேன்’ என்று சாமி படத்தின் முன் சத்தியம் வாங்கிவிட்டு, அவரை அறையில் அடைத்து வைக்கும் குடும்பங்கள் உண்டு. நல்லெண்ணந்தான், ஆனால் ஆபத்தானது. பல்லாண்டு குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் நாளே வியர்வையும் உறக்கமின்மையும் தோன்றலாம். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் இல்லாதவற்றைக் கண்டு பிதற்றும் நிலையும் ஏற்படலாம். இது பேய் பிடித்தலன்று. உயிருக்கே கேடு விளையக்கூடும். மருத்துவர் நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும் உயிர்ச்சத்து பி1-உம் அளித்துப் படிப்படியாக விடுவிப்பார்.

அருகிலுள்ள அரசாங்க சுகாதார நிலையத்திற்குச் சென்று முதலில் ஆலோசனை பெறலாம். வலிப்போ பிதற்றலோ கண்டால் தாமதியாது மருத்துவமனைக்கே செல்லுதல் வேண்டும். உடன் செல்பவர், கடைசியாகக் குடித்தது எந்நேரம், நாளொன்றுக்கு எவ்வளவு, வேறு என்ன நோய்கள் உள என்பவற்றை மறைக்காமல் கூறுக. குடித்தது சம்சு என்றால் சம்சு என்றே கூறலாம். மருத்துவருக்கு அது தெரிய வேண்டும்.