நக்கண்ணையார் காதல்: பாட்டுச் சொல்வதும் நாம் சொல்வதும்

புறநானூறு பயிலும் வகுப்பில் மாணாக்கர் எம்மிடம் ஆண்டுதோறும் கேட்கும் வினா ஒன்றுண்டு: “ஐயா, நக்கண்ணையார் கிள்ளியை மணந்தாரா?” இதனை நாம் நகைத்து ஒதுக்குவதில்லை. கற்போர் உள்ளம் பாட்டிற் படிந்தமைக்கு இதுவே அறிகுறி. ஆயினும், விடையைப் பாட்டினிடத்தே தேடல் வேண்டும்.

83, 84, 85 ஆம் பாட்டுக்கள் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றியன. அவற்றுள் ஒருத்தி வளை கழல்கின்றாள், தாய்க்கு அஞ்சுகின்றாள், அவைக்கு நாணுகின்றாள், மேனி பசக்கின்றாள், நமக்குப் பழகிய பனையின் அடியிற் பொருந்தி நின்று அவன் வெற்றியைக் காண்கின்றாள். அவனை ‘என்னை’, அஃதாவது என் தலைவன், என்கின்றாள். காதலுக்கு இவை போதிய சான்றாம்.

அவள் நக்கண்ணையாரே என்பது எதனாற் பெறப்படும்? பாட்டினுள் அப்பெயர் இல்லை. பாட்டின்கீழ் உள்ள குறிப்பே, பாடியவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் என்கின்றது. பிறர் கூற்றாகப் பாடுதல் புலவர்க்கு இயல்பு. நற்றிணையிலும் அகநானூற்றிலும் இவர் பெயரால் அகப்பாட்டுக்கள் உள. ஆகவே, அவள் இவரே என்பது பொருந்தும் ஊகம், முடிந்த உண்மையன்று.

மணத்துக்கோ சான்றே இல்லை. குறிப்புத் தரும் திணை கைக்கிளை, அஃதாவது ஒருதலைக் காமம். கிள்ளி அவளைத் திரும்பி நோக்கினான் என்பதற்கும் அப்பாட்டுக்களில் ஒரு சொல்லில்லை.

பாட்டின் சொல், ஏட்டின் குறிப்பு, நம் விருப்பம் என மூன்றையும் மாணாக்கர் பிரித்தறிவாராக. விருப்பம் குற்றமன்று. ஆனால், நாம் மணம் முடித்துவைத்தால், அஞ்சியும் நாணியும் தன் நெஞ்சை மறையாது உரைத்த அவளது தனிமை மறைந்துவிடும். பாட்டின் உயிர் அத்தனிமையன்றோ?