பக்கவாதத்துக்குப் பிறகு வாயையும் கவனியுங்கள்

பக்கவாதம் வந்தவருக்கு மாத்திரை, உடற்பயிற்சி, ரத்த அழுத்தம் என எல்லாவற்றையும் குடும்பத்தார் கவனித்துக்கொள்கிறார்கள். வாயைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு பக்கம் செயலிழக்கும்போது, அந்தப் பக்கத்துக் கன்னமும் உதடும் நாக்கும் வலுவிழக்கலாம். உணர்ச்சியும் குறையலாம். பொதுவாக, சாப்பிட்டு முடித்ததும் நாக்கு தானாகவே கன்னத்தைத் துழாவி மிச்சப் பருக்கைகளை எடுத்துவிடும். நாக்கு வலுவிழந்தால் அது சரியாக நடக்காது. மதியம் சாப்பிட்ட சோறு இரவுவரை கன்னத்துக்குள் தங்கியிருக்கலாம்; சாப்பிட்டவருக்கே அது தெரியாது. சொத்தையும் ஈறு வீக்கமும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் தொடங்கும்.

விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. அசுத்தமான வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா எனும் நுரையீரல் அழற்சி வரலாம். அதனால் பல்லே இல்லாதவர்களும், குழாய்வழி உணவு பெறுபவர்களும்கூட வாயைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும்.

பல் துலக்கும்போது நின்றுகொண்டிருக்க வேண்டாம். கண்ணாடி முன் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். பிரஷ்ஷின் பிடி மெலிதாக இருந்தால், சிறு துணியைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டுத் தடிமனாக்கலாம். மின்சார பிரஷ் இன்னும் சுலபம். ஒற்றைக் கையால் பற்பசை எடுக்க, ஈரத் துண்டின் மேல் பிரஷ்ஷை வையுங்கள், உருளாது. ஃபுளோரைடு கலந்த பற்பசை பட்டாணி அளவு போதும். வலுவிழந்த பக்கத்திலிருந்தே தொடங்குங்கள், ஏனென்றால் கடைசியில் விட்டால் கை சோர்ந்துவிடும். சிலருக்கு மூளைப் பாதிப்பால் இடது பக்கம் என்ற ஒன்றே கவனத்தில் இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்குப் பக்கத்திலிருந்து ஒருவர் நினைவூட்ட வேண்டும். விரலில் பற்பொடி தொட்டுத் தேய்ப்பது நம்மவர்களின் பழைய பழக்கம். பல்லிடுக்கில் இருக்கும் உணவை அது எடுக்காது.

தண்ணீரில் கெட்டிப்படுத்தும் மாவு கலந்து குடிக்கச் சொல்லியிருந்தால் வாய் கொப்பளிக்க வேண்டாம். நுரையைத் துப்பிவிட்டு, ஈரத் துணியால் துடைத்தால் போதும். துலக்கிவிடும் பிள்ளைகளோ பணிப்பெண்ணோ, பற்களுக்கு இடையே விரலை விடக்கூடாது. அவர் தம்மை அறியாமலேயே கடித்துவிடக்கூடும்.

பொய்ப்பல்லை ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் கழற்றிக் கழுவுங்கள். ஒரு கையால் கழுவும்போது வழுக்கி விழும். கழுவுதொட்டியில் துண்டை விரித்துவிட்டால் உடையாது. இரவில் தண்ணீரில் போட்டுவையுங்கள். கன்னத் தசை தளர்ந்ததால் பொய்ப்பல் ஆடினால், பசை வாங்கி ஒட்டிச் சமாளிக்காமல் பல் மருத்துவரிடம் சரிசெய்துகொள்ளுங்கள்.

கோப்பி சுட்டதோ கன்னத்தைக் கடித்ததோ மரத்துப்போன பக்கத்தில் தெரியாது. வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால், குறிப்பாக வெற்றிலை பாக்கு போடுபவர்கள், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பல் மருத்துவரிடம் போகும்போது மருந்துகளின் பட்டியலைக் கொண்டுபோங்கள். ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை, பல் பிடுங்க வேண்டும் என்பதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். மறுபடியும் பக்கவாதம் வரலாம். சாஸ் திட்டத்தில் உள்ள பல் மருந்தகங்களில் முன்னோடித் தலைமுறையினருக்கும் மெர்டேக்கா தலைமுறையினருக்கும் கட்டணச் சலுகை உண்டு. முன்பதிவு செய்யும்போதே சக்கர நாற்காலியில் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.