சுண்டிக்குளம் நீரேரியில் படகும் வலையும்: கமக்காரருக்குச் சில குறிப்புகள்

காலபோக நெல்லை அறுத்துச் சூடு மிதித்தபின், நீரேரிக் கரையோரக் கமக்காரர் சிலர் இறாலும் மீனும் பிடித்து மேலதிக வருவாய் தேடுவர். நற்றொழிலே, ஆயினும் சுண்டிக்குளத்தை நாடுவோர் பின்வருவனவற்றை முன்னரே அறிதல் வேண்டும். அறியாமற் சென்றால் உழைப்போடு வலையையும் இழக்க நேரிடும்.

1. எல்லையை அறிக

சுண்டிக்குளம் 1938 ஆம் ஆண்டிற் பறவைகள் சரணாலயமாகவும், 2015 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. தேசியப் பூங்கா என்பது பட்டினத்துப் பூங்காவைப் போல எவரும் விரும்பியவாறு நுழையும் இடமன்று. அனுமதியின்றிப் புகுவோர் வழக்கில் அகப்படலாம். படகும் வலையும் கைப்பற்றப்படலாம். ஆகவே, எல்லை எவ்விடத்திற் செல்கின்றதென வனசீவராசிகள் திணைக்கள அலுவலரிடம் கேட்டறிந்த பின்னரே படகை இறக்குக. பரம்பரையாக அங்கே தொழில் செய்தோர் அவ்வழக்கத்தை வாயாற் கூறுவதோடு நில்லாது, தமது சங்கத்தின் மூலம் எழுத்தில் விண்ணப்பித்து, மறுமொழியையும் எழுத்திலேயே பெறுதல் நன்று.

2. உரிமமும் பதிவும்

பூங்காவுக்கு வெளியேயும் சட்டமுண்டு. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின்படி தொழிலுக்கு உரிமமும் படகுக்குப் பதிவும் வேண்டும். நஞ்சும் வெடியும் கொண்டு மீன் பிடித்தல் குற்றமாகும்.

3. படகும் துறையும்

நீரேரி ஆழமற்றது, கோடையில் மேலும் வற்றும். அடி தட்டையான சிறு வள்ளத்தைக் கோலூன்றிச் செலுத்துவதே ஏற்றது. இயந்திரத்தின் சுழலி சேற்றைக் கலக்கி, மீன்குஞ்சுகள் ஒதுங்கும் கடற்புல்லை அறுத்துவிடும். முன்னரே உள்ள துறையிற் படகைக் கட்டுக. புதுத்துறைக்காகக் கண்டல் மரங்களை வெட்டற்க. துறை யாவருக்கும் பொதுவாதலின் அதன் வாயிலிற் கம்பு நாட்டி வலை கட்டுவதும் தகாது. பூநாரைகள் இரைதேடும் பகுதியைத் தூரத்தே விலகிச் செல்க.

4. இறாலின் வாழ்வு

இறால் கடலில் இலட்சக்கணக்கான முட்டைகளை இடும். குஞ்சுகள் இரண்டொரு வாரத்தில் நீரோட்டத்தோடு நீரேரியுட் புகுந்து, சில மாதம் வளர்ந்து, மீண்டுங் கடலுக்குச் சென்று இனம் பெருக்கும். மாரி வெள்ளம் மணற்றிட்டை உடைத்து முகத்துவாரத்தைத் திறக்கும் காலம் இப்போக்குவரவுக்கு முக்கியமானது. சிறுகண் வலையாற் குஞ்சுகளை வாருதல், பால் முற்றாத கதிரை அறுப்பதற்கு ஒப்பாகும். முகத்துவாரத்தை வலையால் அடைத்தலோ விதைநெல்லையே குத்தி உண்பதாகும்.

5. வயலிலும் கவனம்

பூச்சிநாசினி தெளித்த கருவிகளை வாய்க்காலிற் கழுவற்க. அந்நீர் ஈற்றில் நீரேரியைச் சேரும்; சிறிதளவு நஞ்சும் இறாற் குஞ்சுகளைக் கொல்லும்.

கமக்காரர்களே! வயலுக்கு வரம்பு எத்துணை அவசியமோ, நீரேரிக்கும் எல்லையும் முறையும் அத்துணை அவசியம். அவற்றைப் பேணுவீராயின், அடுத்த மாரியும் உங்கள் வலைக்கு விளைவு தரும்.